அறுபத்தைந்துக்கு அப்புறம்

கணபதியில் என் அறை, மாடியில்.
கீழே கிரைண்டர் பட்டறை.
நான் அடுக்கும் எந்தக் கையேட்டுக்கும் அடியில்
கல் உரசிக்கொண்டே இருக்கும்.

இந்த முறை நூல் மில்லின் ஈரப்பதக் கருவி.
நூற்று எழுபத்தாறு பக்கம்.
பக்கத்துக்கு முப்பத்தெட்டு ரூபாய்,
அட்டவணை வந்தால் அஞ்சு எச்சு.

முதல் மெய்ப்பில் இப்படி இருந்தது:
“ஈரப்பதம் 65 வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவவும்.”
பொறியாளர் எழுதித் தந்தது இப்படி:
“ஈரப்பதம் 65% தாண்டினால்
தெளிப்பானை உடனே நிறுத்தவும்.”
உடனே நிறுத்தவும் என்பது
உடனே நின்றுபோயிருந்தது.

என் மென்பொருளுக்குச் சதவீதக் குறி
காதோரம் சொல்லும் ஒரு பேச்சு:
இதற்குப் பின்னால் வருவது நமக்குள் இருக்கட்டும்,
தாளுக்குத் தெரிய வேண்டாம்.
நல்ல பிள்ளை, அது சொல்லவேயில்லை.
நூறு சதவீதப் பருத்தியில்
நூறு மட்டும் இருந்தது,
பருத்தியைக் காணோம்.

மருந்து ஒன்றுதான்.
குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடு,
உச்சி இடப்பக்கம் சாய்ந்தது.
‘நம்ம ஆளுதான், உள்ளே விடு’ என்று
விருந்தாளியைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு
தான் கை நனைக்காமல் போகிறவர் மாதிரி.
தாளில் அது வராது.

தேடு. மாற்று. ஒட்டுக்கா எல்லாவற்றையும்.
நூற்றுப் பன்னிரண்டு இடம்.
டீ ஆறுவதற்குள் முடிந்தது.

மறந்தது: கட்டளைப் பெட்டிகள்.
சாம்பல் கட்டத்துக்குள்
எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தந்து,
எழுதியதை எழுதியபடியே போடு என்று
நானேதான் சொல்லிவைத்திருந்தேன்.
அங்கே காவல் வேண்டாம்,
வைத்தால் காவலாளியும் அச்சாகிவிடுவான்.
இருபத்திமூன்று இடத்தில் ஆனான்.
நாலு பேர் மெய்ப்புப் பார்த்தோம்.

ஆடி மாசம். ராத்திரி பதினொன்றே முக்கால்.
கடைசிப் பக்கத்திலிருந்த என் எண்ணைப் பிடித்து
ஒருவர் கூப்பிட்டார்.
பின்னால் கதிர் சுற்றும் இரைச்சலா, காற்றா,
பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“ஏனுங்க மேடம், புஸ்தகம் போட்டவிங்களுங்களா?
கணியூர்ப் பக்கம் மில்லுங்க.
தெய்வசிகாமணிங்க, எலெக்ட்ரீசியன்.
தொண்ணூத்தேழாம் பக்கத்துல இருக்கற மாதிரியேதான் அடிக்கறனுங்க.
எடுக்க மாட்டீங்குதுங்க.”

படிக்கச் சொன்னேன். எழுத்து எழுத்தாகப் படித்தார்.
“அறுபத்தஞ்சு. பொறவு சாய்வா ஒரு கோடு. பொறவு பர்சென்ட்டு.
அந்தக் கோட்டக் கீபோர்டுல கண்டுபுடிக்கவே
பத்து நிமிசம் ஆச்சுங்க.”

“அந்தக் கோட்ட விட்டுட்டு அடிங்க.”

அவர் அடிக்கிற நேரத்தில்
என் வாயிலிருந்து போனதை நினைத்துப் பார்த்தேன்.
அடி என்றால் அடிதான்.
ங்க வந்து தோளில் கை போட்டதும்
அது வெறும் விரல் வேலை.
எங்கள் ஊர்ச் சாய்கோடு
சொல்லுக்குப் பின்னால் நிற்கும், காதுக்கும் கேட்கும்.
இயந்திரம் முரண்டு பிடித்தாலும்
அதற்கொரு மாட்டீங்குதுங்க.

“எடுத்துக்கிச்சுங்க.”
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
“அப்ப அந்தக் கோடு எதுக்குங்க?”
“அது உங்களுக்கு இல்லீங்க.
எனக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல.”
“அப்பறம் எதுக்குங்க எனக்கு அனுப்புனீங்க?”

பதில் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.
பரவால்லீங்க என்று வைத்துவிட்டார்.

விடியும்போது பிழைதிருத்தச் சீட்டு அடுக்கினேன்.
இருபத்திமூன்று வரி.
இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் சரி.
பிழையிலிருந்த கோட்டை அப்படியே அடித்தேன்.
சரியில் வரும் குறிக்கும் மறக்காமல் ஒரு கோடு.
பட்டறையில் கல் சுற்றத் தொடங்கியது.
அச்சுப்பொறி சூடான தாளை நீட்டியது:

“பக்கம் 97.
65% என்பதை
65% என்று திருத்திப் படிக்கவும்.”